குரல் இடம் மாறும்போது: பண், மகாம், சுரக்கூட்டு

புலம்பெயர்ந்த நாடுகளில் வார இறுதியில் நடைபெறும் எமது தமிழ்ப் பள்ளிகளில், இசை வகுப்பு முடிந்தபின் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "மோகனத்துக்கு என்ன கோர்ட் பிடிக்கிறது, ரீச்சர்?" கேட்பது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் கிற்றாரோ பியானோவோ பழகுகிறது. சனிக்கிழமையில் வாய்ப்பாட்டுக்கு வருகிறது. அது கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு எம்மிடம் இருப்பவை பெரும்பாலும் இரண்டு பதில்களே. "எங்கட சங்கீதத்தில அதெல்லாம் இல்லை, அது வெள்ளைக்காரன்ர" என்பது ஒன்று. கீபோட்டில் மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்திக் காட்டி, "இதைப் பிடி, ஒத்துப்போகும்" என்பது மற்றது. முதற் பதிலோடு சில பிள்ளைகள் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது பதிலோடு பிள்ளை நின்றுவிடுகிறது, மோகனம் போய்விடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது. அந்த வழி புதியதல்ல. பண்ணைப் பற்றி எமது பழைய நூல்கள் சொன்னவற்றிலும், எமக்கு முன்னரே இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய அரபு மக்களின் இசை வரலாற்றிலும் அது இருக்கிறது. இதில் முதலாவதை நாம் புத்தகத்திற் படித்தோம். இரண்டாவதை வளைகுடாவில், தோஹா நகரின் நஜ்மாவில், காதாற் கேட்டோம்.

1

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் வேனிற் காதையையும் ஆய்ச்சியர் குரவையையும் இலக்கியமாக மட்டுமே படித்தவர்கள் பலர். அவற்றினுள்ளே ஓர் இசை இலக்கணம் கிடக்கிறது. ஏழு நரம்புகளுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். இன்று நாம் சட்ஜம் தொடங்கி நிஷாதம் வரை சொல்லும் ஏழும் இவைதான். இந்த ஏழையும் அப்படியே வைத்துக்கொண்டு, எந்த நரம்பைக் குரலாக, அதாவது தொடக்கமும் வீடுமாகக் கொள்வது என்பதை மட்டும் மாற்றினால் வேறொரு பாலை பிறக்கும். இதற்குப் பண்ணுப்பெயர்த்தல் என்று பெயர். கர்நாடக சங்கீதக்காரர் கிரகபேதம் என்பதும் இதையே.

செம்பாலையில் துத்தத்தைக் குரலாக வைத்தால் படுமலைப்பாலை. கைக்கிளையைக் குரலாக வைத்தால் செவ்வழிப்பாலை. உழையை வைத்தால் அரும்பாலை, இளியை வைத்தால் கோடிப்பாலை, விளரியை வைத்தால் விளரிப்பாலை, தாரத்தை வைத்தால் மேற்செம்பாலை. செம்பாலை இன்றைய எந்த இராகத்துக்கு நேர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது ஹரிகாம்போதியே என்ற கொள்கையை நாம் இங்கே பின்பற்றுகிறோம். அப்படிக் கொண்டால் படுமலை நடபைரவியாகிறது, அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரகரப்பிரியா, விளரிப்பாலை தோடி, மேற்செம்பாலை கல்யாணி. செவ்வழிக்கு மட்டும் இன்றைய மேளகர்த்தாக்களிடையே நேர் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இந்த இலக்கணத்தை நவீன காலத்தில் எமக்குத் திறந்து காட்டியவர்களில் ஒருவர் எமது மண்ணவர். மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் உழைத்து எழுதிய யாழ்நூல், 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். யாழ் என்ற கருவி வழக்கொழிந்து நூற்றாண்டுகள் கடந்தபின், அதன் நரம்புகளுக்கிடையே இருந்த கணக்கை ஏட்டிலிருந்து மீட்டெடுத்த நூல் அது.

வீட்டில் ஒரு கீபோட் இருந்தால் இந்தக் கணக்கை ஐந்து நிமிடத்திற் செவியாற் சோதிக்கலாம். கறுப்புக் கட்டைகளைத் தொடவேண்டாம். வெள்ளைக் கட்டைகளில் ஜீ என்பதிலிருந்து அடுத்த ஜீ வரை வாசித்தால் செம்பாலை. ஏயிலிருந்து ஏ வரை படுமலை. பீயிலிருந்து செவ்வழி, சீயிலிருந்து அரும்பாலை, டீயிலிருந்து கோடி, ஈயிலிருந்து விளரி, எஃபிலிருந்து மேற்செம்பாலை. அதே வரிசை, அதே ஏழு. ஐரோப்பியர் இவற்றை மோட் என்பர். மிக்ஸோலிடியன், ஏயோலியன், லோக்ரியன், அயோனியன், டோரியன், பிரிஜியன், லிடியன் என்பன முறையே அவர்கள் வைத்த பெயர்கள். சுவிற்சலாந்தைச் சேர்ந்த கிளேரியானுஸ் 1547 இல் வெளியிட்ட நூலில், தேவாலய இசையின் பழைய எட்டு மோட்களைப் பன்னிரண்டாக விரித்து வகுத்தார். வீட்டை மாற்றினால் பண் மாறும் என்ற அறிவு அவர்களிடமும் இருந்தது, எம்மிடமும் இருந்தது. அதன்பிறகுதான் பாதை பிரிந்தது.

2

அவர்கள் சுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். கோர்ட் என்று கிற்றார்க்காரர் சொல்வது மூன்று சுரங்களின் கூட்டு. ஒரு சுரத்தை எடுத்து, ஒன்றை விட்டு அடுத்ததையும், மீண்டும் ஒன்றை விட்டு அடுத்ததையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. ஸ, க, ப என்பது அப்படியொரு கூட்டு. நாம் இதைச் சுரக்கூட்டு என்போம்.

ஏழு சுரங்கள் இருப்பதால் ஏழு சுரக்கூட்டுகள் வரும். செம்பாலையில் வைத்துப் பார்த்தால் குரல், உழை, தாரம் ஆகிய மூன்றின்மேல் எழுபவை மேஜர் எனப்படும் பெரிய கூட்டுகள். துத்தம், இளி, விளரி ஆகிய மூன்றின்மேல் எழுபவை மைனர் எனப்படும் சிறிய கூட்டுகள். கைக்கிளையின்மேல் எழுவது மட்டும் டிமினிஷ்ட் எனப்படும் குறைந்த கூட்டு. அதற்குச் சரியான பஞ்சமம் இல்லை. ஏழு பாலைகளுக்கும் இந்த ஏழு கூட்டுகள் பொதுவானவை. பண்ணைப் பெயர்க்கும்போது கூட்டுகள் மாறுவதில்லை. அவற்றில் எது வீடு என்பது மாறுகிறது. செம்பாலை, அரும்பாலை, மேற்செம்பாலை மூன்றுக்கும் வீடு பெரிய கூட்டு. படுமலை, கோடி, விளரி மூன்றுக்கும் வீடு சிறிய கூட்டு. செவ்வழிக்கு வீடாக வாய்ப்பது அந்தக் குறைந்த கூட்டு. ஸவும் பவும் சேர்ந்த சுருதியின் மேல் நிற்கும் சங்கீதத்தில், பஞ்சமம் இல்லாத பாலைக்கு நிற்க இடமில்லை. மேளகர்த்தா வரிசையில் அது இடம்பெறாமற் போனதற்குக் காரணம் இதுவே. இதே காரணத்தால் ஐரோப்பியரும் லோக்ரியனைப் பாடத்தில் மட்டும் வைத்துவிட்டுப் பாட்டில் அநேகமாகத் தொடாமல் விட்டார்கள். பாலையும் சுரக்கூட்டும் ஒரே விதையில் முளைத்தவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியாயின் எம்மவர் ஏன் அடுக்கவில்லை? ஒலியின் உறவுகளை அவர்கள் அறியாதவர்களல்லர். இணை, கிளை, பகை, நட்பு என நரம்புகளுக்கிடையே நான்கு உறவுகளை வகுத்தார்கள். உரைகாரர் தரும் கணக்கில், நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. சுரக்கூட்டின் உயிரே அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. அதையே எமது முன்னோர் பகையென்று வைத்தனர்.

இதை எம்மவரின் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. இடைக்கால ஐரோப்பாவின் தொடக்கத்திலும் மூன்றாவது சுரம் உறவாக ஏற்கப்படவில்லை. கிளையிலிருந்து கிளையாக நான்கு தாவல் தாவிக் கண்டடையும் காந்தாரம் 81க்கு 64 என்ற விகிதத்தில் அமைகிறது. அதைக் குரலோடு சேர்த்து ஒலித்தால் கரகரக்கும். 5க்கு 4 என்ற எளிய விகிதத்தில் அமையும் காந்தாரமோ இழைந்து நிற்கும். வெனிஸ் நகரின் சார்லினோ 1558 இல் வெளியிட்ட நூலில் இந்த எளிய விகிதத்துக்குச் சாஸ்திர அந்தஸ்துக் கொடுத்தார். நாம் அந்த இடத்தில் வேறு திசையில் நடந்தோம். காந்தாரத்தை அசைக்கவும், இழுக்கவும், அடுத்த சுரத்தின் வாசல்வரை கொண்டுபோய்த் திருப்பவும் கற்றோம். அசைகிற சுரத்தின்மேல் எதையும் அடுக்க முடியாது. ஆகவே சுரக்கூட்டு இல்லாமை எமது வறுமையல்ல. கமகத்துக்காக நாம் கொடுத்த விலை. விலை கொடுத்து வாங்கியது எதுவென்று தெரியாமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிடக்கூடாது என்பதே எமது கவலை.

3

இந்தக் கவலை புத்தகத்திலிருந்து வந்ததல்ல. கட்டாரின் தலைநகரான தோஹாவில் நஜ்மா என்றொரு பகுதி உண்டு. அரபியில் அச்சொல்லுக்கு நட்சத்திரம் என்று பொருள். பழைய தளபாடங்கள் விற்கும் ஹராஜ் சந்தை அங்கேதான். ஹராஜ் என்றால் ஏலம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவோர் விற்றுவிட்டுப் போகும் கட்டில்கள், மின்விசிறிகள், குளிர்சாதனப் பெட்டிகள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். எம்மிற் சிலர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேருமுன், அங்கே ஒரு மாடியறையில் ஆறு பேராகச் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். யாழ்ப்பாணத்தான், மட்டக்களப்பான், மன்னாரான் என்ற பேதம் அந்த அறையில் சமையல் முறைவரிசையோடு முடிந்துவிடும்.

காலையில் எம்மை எழுப்பியது பாங்கொலி. முஸ்லிம் மக்கள் அதனை இசையென்று கொள்வதில்லை. நாமும் அதை அவ்வாறு சொல்லவில்லை. ஆனால் அந்த அழைப்பின் ஓசை நடை எமது செவிக்கு அந்நியமாக இருக்கவில்லை. சரளி வரிசை படித்த எவருக்கும் அது தெரியும். பல வேளைகளில் அது அமைவது ஹிஜாஸ் என்ற மகாமில். ஹிஜாஸின் முதல் நான்கு சுரங்களும் எமது மாயாமாளவகௌளையின் முதல் நான்கு சுரங்களும் ஒரே இடைவெளியில் அமைந்தவை. எமது பாலபாடம் அது. ஓதுவார்கள் இன்று இந்தளப் பண்ணைப் பாடுவதும் இந்த மேளத்திலேயே. ஊரில் கோயில் வீதியிற் கேட்டதன் முற்பாதியை நஜ்மாவில் பள்ளிவாசல் வீதியிற் கேட்டோம்.

மகாம் என்ற சொல்லுக்கு நிற்குமிடம் என்று பொருள். நான்கைந்து சுரங்கள் கொண்ட சிறு அலகுகளை ஜின்ஸ் என்பர். ஒரு ஜின்ஸின்மேல் இன்னொன்றை வைத்து மகாமைக் கட்டுவர். அஜம் என்பது சங்கராபரணத்தின் சுரவரிசை. குர்த் என்பது தோடியின் சுரவரிசை. நிக்ரிஸ் ஹேமவதிக்கு நேர். நஹாவந்தின் ஒரு வடிவம் கீரவாணி. சுரவரிசை ஒன்றாயிருப்பதால் இராகமும் மகாமும் ஒன்றாகிவிடா. தோடியின் காந்தாரம் எப்படி அசையும் என்பது குர்த்துக்குத் தெரியாது. குர்த்தில் ஊத் வாத்தியக்காரன் எங்கே தரித்து நிற்பான் என்பது தோடிக்குத் தெரியாது. ஒரே அளவில் வெட்டிய துணியில் இரண்டு ஊர்த் தையல்.

ஹராஜ் சந்தையில் நாம் ஒரு பழைய கீபோட் வாங்கினோம். அதில் வழக்கத்துக்கு மாறாக, பன்னிரண்டு சுரங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு சிறு பொத்தான்கள் இருந்தன. எதற்கென்று எமக்கு விளங்கவில்லை. மின்வேலை செய்யும் எகிப்தியர் ஒருவர் பக்கத்து அறையில் இருந்தார். அவர் வந்து ஈ என்ற சுரத்தின் பொத்தானை அழுத்திவிட்டு சீயிலிருந்து வாசித்துக் காட்டினார். அந்தக் காந்தாரம் சாதாரண காந்தாரமுமல்ல, அந்தர காந்தாரமுமல்ல. இரண்டுக்கும் நடுவே கால் சுரம் இறங்கி நின்றது. "ராஸ்த்" என்றார். அரபு இசையின் தலைமகன் என்று சொல்லத்தக்க மகாம் அது. யமஹா, கோர்க், கஸியோ ஆகிய நிறுவனங்கள் அரபு நாடுகளுக்கென்றே இத்தகைய கீபோட்களைச் செய்து விற்றன.

பிறகு அவர் இடது கையால் ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினார். பெரிய கூட்டுமல்ல, சிறிய கூட்டுமல்ல. எந்தப் பக்கமும் சாயாமல் அந்தரத்தில் தொங்கும் ஓர் ஒலி. அவர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "ராஸ்த்துக்கு இது வேண்டாம்" என்றார். பின்னர் பொத்தானை விடுவித்து நஹாவந்தை வாசித்தார். அதற்கு மட்டும் இடது கை தாராளமாக விளையாடியது. பண்ணுக்குப் பண் இடது கையின் உரிமை மாறும் என்பதை எந்தப் புத்தகமும் எமக்கு அப்படி விளக்கியதில்லை.

4

அரபு உலகம் இந்தக் கேள்வியைத் தெருவில் மட்டும் விடவில்லை. 1932 மார்ச்சிலும் ஏப்ரலிலும் கெய்ரோவில் அரபு இசை மாநாடு ஒன்று கூடியது. எகிப்தின் மன்னர் முதலாம் ஃபுவாத் அதனைக் கூட்டினார். அரபு நாடுகளின் கலைஞர்களோடு ஹங்கேரியின் பேலா பார்ட்டோக், ஜெர்மனியின் ஹிண்டெமித், கேர்ட் சாக்ஸ் போன்றோரும் வந்தார்கள். அங்கே இரண்டு கேள்விகள் பெரும் விவாதமாயின. ஒரு ஸ்தாயியை இருபத்துநான்கு சம பங்காகப் பிரிக்கலாமா என்பது ஒன்று. பியானோவை அரபு இசைக்குள் விடலாமா என்பது மற்றது. முன்னேற்றம் வேண்டும் என்றவர்களும், பியானோ வந்தால் ராஸ்த்தின் காந்தாரம் செத்துவிடும் என்றவர்களும் எதிரெதிரே நின்றார்கள். வேடிக்கை என்னவென்றால், பழமையைக் காக்கும்படி வற்புறுத்தியவர்களில் ஐரோப்பியர் பலர். பியானோ வேண்டும் என்றவர்களில் அரபிகள் பலர். இருபத்துநான்கு பங்குக் கணக்கும் ஏகமனதாக ஏற்கப்படவில்லை.

அந்த இருபத்துநான்கு என்ற எண் எமக்கும் பழக்கமானது. அரபு நாடுகளில் அதனை 19ஆம் நூற்றாண்டில் விளக்கி எழுதியவர்களுள் முதன்மையானவர் லெபனானில் பிறந்து டமாஸ்கஸில் வாழ்ந்த மிகாயில் மிஷாக்கா. எம்மவரில் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஸ்தாயிக்குச் சுருதி இருபத்திரண்டல்ல, இருபத்துநான்கே என்று வாதாடினார். அதற்கு முந்திய ஆண்டு பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிலும் தம் கொள்கையை நேரிற் சென்று எடுத்துரைத்தார். விபுலாநந்தரோ 4, 4, 3, 2, 4, 3, 2 என்று ஏழு நரம்புக்கும் அலகு வைத்து, மொத்தம் 22 என்ற வழிநின்றார். அரபிகளிடம் நடந்த வாதம் எம்மிடமும் நடந்தது. ஒரு வேறுபாடு உண்டு. அரபிகள் ஒன்றுகூடி, இரைந்து சண்டையிட்டு, முந்நூறுக்கு மேற்பட்ட இசைத்தட்டுப் பக்கங்களைப் பதிவும் செய்து வைத்தார்கள். எமது வாதம் புத்தக அலுமாரியில் இருக்கிறது.

மாநாட்டுக்குப் பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. இசையமைப்பாளர்கள் தம் காதை நம்பி ஒரு பிரிவினை செய்துகொண்டார்கள். சுரக்கூட்டு வேண்டிய இடத்தில் அஜம், நஹாவந்த், குர்த், ஹிஜாஸ் ஆகியவற்றை எடுத்தார்கள். இவற்றிற் கால் சுரம் இல்லை. ராஸ்த், பயாத்தி, சிகா ஆகியவற்றைத் தனிக் குரலுக்கும் ஊத்துக்கும் விட்டார்கள். 1964 இல் முகம்மது அப்துல் வஹாப் இசையமைக்க உம் குல்தூம் பாடிய புகழ்பெற்ற 'இன்த்த உம்ரி'யில் மின் கிற்றார் ஒலித்தது. அந்தப் பாடல் நின்ற மகாம் குர்த். பின்னாளில் நஜ்மா இருக்கும் அதே தோஹாவில் 2007 இல் கட்டார் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு நிறுவப்பட்டது. 2008 ஒக்டோபரில் நடந்த அதன் முதற் கச்சேரியில் லெபனானின் மார்செல் கலீஃபே எழுதிய அரபுக் கொன்செர்ட்டோ இடம்பெற்றது. வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் வாதிப்போர் வாசித்துக்கொண்டே வாதிக்கிறார்கள்.

வளைகுடாவின் சொந்த இசையிலும் எமக்கு ஒரு பாடம் உண்டு. முத்துக் குளிப்போர் பாடும் ஃபிஜ்ரியில், நஹாம் எனப்படும் தலைப்பாடகரின் குரலுக்குக் கீழே மற்றவர்கள் அடிவயிற்றிலிருந்து ஒரே சுரத்தை முழங்கிக்கொண்டிருப்பார்கள். தம்புராவைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது உடனே பிடிபடும். பஹ்ரேனின் ஃபிஜ்ரியை 2021 இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலிற் சேர்த்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது வளைகுடா அரபிகளும் வந்து குளித்திருக்கிறார்கள். எமது அறையிலிருந்த மன்னாரானுக்கு இந்தச் செய்தி பெரும் ஆறுதல். "அவங்கள் எங்கட கடலுக்கு வந்தவங்கள்தானே, இப்ப நாங்கள் வந்திருக்கிறம்" என்பான்.

5

இனி எமது வீட்டுக்கு வருவோம். சுரக்கூட்டு எமக்கு நேற்று வந்த சரக்கல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அதற்குப் பின்வந்த தலைமுறைகளில், தமிழ்த் திருச்சபைகளில் இரண்டு வகைப் பாட்டுகள் அருகருகே வாழ்ந்திருக்கின்றன. ஓர்கனோடு நான்கு குரலிற் பாடும் பாமாலை ஒன்று. இராக தாளத்தோடு ஒற்றைக் குரலிற் செல்லும் கீர்த்தனை மற்றது; தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864 இல் இறக்கும்வரை எழுதிக் குவித்த வகை அது. ஒரே சபை, ஒரே ஞாயிறு, ஒரே வாங்கில் இருந்து இரண்டையும் பாடியது. எதற்குக் கூட்டு, எதற்குத் தனிக்குரல் என்று அந்த மக்களுக்கு எவரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை.

சட்டம் போட்டதும் நடந்தது. ஆர்மோனியம் 1842 இல் பிரான்சிற் காப்புரிமை பெற்று இந்தியா வந்து, இசை நாடக மேடையில் பெட்டி என்ற செல்லப்பெயரோடு ஊர் ஊராகச் சென்ற கருவி. அதில் கமகம் பிடிக்காது, சுருதிகள் சமப்படுத்தப்பட்டவை என்ற காரணங்களைச் சொல்லி அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் அதனைத் தடைசெய்தது. 1971 இலேயே அந்தத் தடை தளர்ந்தது. காரணங்கள் பொய்யல்ல. ஆனால் தடையிருந்த முப்பது ஆண்டுகளிலும் பெட்டி கூத்து மேடையையும் பஜனை மடத்தையும் சினிமாக் கொட்டகையையும் விட்டுப் போகவில்லை. தடை செய்தவர்கள் அதை நெறிப்படுத்தும் வாய்ப்பை இழந்தார்கள், அவ்வளவே.

அதே காலத்தில் ஈழத்தில் பைலாவின் கிற்றார் தமிழுக்குள் நுழைந்தது. 1960களின் இறுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய துள்ளிசைப் பாடல்கள் இரண்டு மூன்று சுரக்கூட்டுகளில் ஊரையே ஆடவைத்தன. தமிழகத்தில் இளையராஜா அதனை வேறு ஆழத்துக்குக் கொண்டுபோனார். 1986 இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்ற வாத்திய இசைத் தொகுப்பில் பாக்கின் வயலின் இசையும் கர்நாடக இராகமும் ஒரே அறையில் அமர்ந்து பேசின. நஜ்மாவின் கசெற் கடையில் அதை வாங்கி, நாடா தேயும்வரை கேட்டோம். இராகத்தின் அடியிற் புதுச் சுரக்கூட்டு வந்தபோதும் இராகம் கலையாத இடங்கள் அதில் உண்டு. அது எப்படி நடந்தது என்று ஆறு பேரும் இரவிரவாக வாதாடியிருக்கிறோம்.

6

அந்த வாதங்களின் முடிவில் எமக்கு மிஞ்சிய விதி ஒன்றே. பண்ணிடம் இல்லாத சுரத்தைச் சுரக்கூட்டு உள்ளே கொண்டுவரக்கூடாது.

மோகனத்தை எடுப்போம். ஆய்ச்சியர் குரவையின் முல்லைத் தீம்பாணி இதுவே என்பர். ஸ, ரி, க, ப, த என ஐந்தே சுரம். இவற்றால் முழுமையான சுரக்கூட்டுகள் இரண்டுதான் பிறக்கும். ஸ க ப ஒன்று, பெரிய கூட்டு. த ஸ க மற்றது, சிறிய கூட்டு. பாட்டுப் புத்தகங்களிற் காணும் மூன்று கூட்டுச் சூத்திரத்தை மோகனத்தின்மேற் போட்டால், இரண்டாவது கூட்டோடு மத்திமமும் மூன்றாவது கூட்டோடு நிஷாதமும் வந்துவிடும். அப்போது பிள்ளை வாசிப்பது சங்கராபரணத்திலுள்ள ஏதோ ஒன்று. காது பழகிவிட்டால் பிறகு மோகனம் அதற்கு வெறுமையாகத் தோன்றும். பண் அழிவது இப்படித்தான், தடையால் அல்ல.

மாயாமாளவகௌளையை எடுப்போம். அதன் ஸவின்மேற் பெரிய கூட்டு. ஒரு சிறு படி மேலே ரியின்மேலும் பெரிய கூட்டு. கவின்மேலும் மவின்மேலும் சிறிய கூட்டு. தவின்மேல் எழுவது ஓக்மென்டட் எனப்படும் விரிந்த கூட்டு. பவின்மேல் வரவேண்டிய கூட்டுக்கு மேற்புறம் குறைகிறது. நியின்மேல் வருவது எந்தப் பெயருக்கும் அடங்காது. எனவே ஐரோப்பியப் பாடத்தில் வருவதுபோல் பஞ்சமக் கூட்டிலிருந்து வீடு திரும்ப இங்கே வழியில்லை. ரியின் கூட்டிலிருந்து ஸவின் கூட்டுக்கு இறங்குவதுதான் இந்த மேளம் தரும் சொந்த வழி. ஹிஜாஸுக்குக் கிற்றார் பிடிக்கும் அரபிகளும் பிளமெங்கோ வாசிக்கும் ஸ்பானியரும் வீடு வருவது இந்தப் படியால்தான். பத்து வயதுப் பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்க முடியும். சரளி வரிசை பாடும் அதே ஏழு சுரத்தை ஒன்றுவிட்டொன்றாக அழுத்திப் பார்த்தாற் போதும்.

தோடிக்கு ஏட்டில் ஏழு கூட்டும் உண்டு. ஆனால் தோடியின் காந்தாரத்தை அசையாமல் பிடித்து வைத்தால் அது தோடியாகாது. அதை ராஸ்த்தைப் போலத் தனியே விட்டுவிடலாம். சுருதிப்பெட்டியின் ஸவும் பவும் அதற்குப் போதும்.

எமது ஆசிரியர்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. பிள்ளை "என்ன கோர்ட்?" என்று கேட்கும்போது, "இந்தப் பண்ணுக்கு எது குரல், என்னென்ன சுரம்?" என்று திருப்பிக் கேளுங்கள். முதலில் ஸவையும் அதன் கிளையான பவையும் சேர்த்து ஒலிக்கச் சொல்லுங்கள். பிறகு நட்பான மத்திமம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். முன்னோர் பகையென்று வைத்த காந்தாரத்தை அதன்பின் மெல்லச் சேர்க்கச் சொல்லி, பண் கலைகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கட்டைகளில் வீட்டை இடம் மாற்றி ஏழு பாலைகளையும் வாசிக்க வையுங்கள். செம்பாலையும் கோடிப்பாலையும் அந்தப் பிள்ளைக்குப் பரீட்சைக்கான பெயர்களாக இராமல் விரல் அறிந்த இடங்களாகிவிடும். இதைச் செய்ய ஒரு கீபோட்டும் ஒரு மணித்தியாலமும் போதும். இரண்டும் இன்று எமது வீடுகளில் இருக்கின்றன.